இருபத்தாறு ரூபாய் அறுபத்தாறு காசு

மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவில், புருஷன்மார் உட்காருவதற்கென்றே ஒரு நீள சோபா போட்டிருந்தார்கள். பரஞ்சோதி அதன் ஓரத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னும் நாலு பேர். எல்லா முகத்திலும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவனின் களை. ஒருத்தன் செல்போனில் யாரோ மீன் வறுப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். வறுக்கிற மீன் வாய்க்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்புகிற மூஞ்சி. இவனெல்லாம் என்ன சம்பாதிப்பான் என்று பரஞ்சோதிக்கு யோசனை ஓடியது. அவன் மனசு எப்போதும் அங்கேதான் போய் விழும். யாரைப் பார்த்தாலும் மூக்கு, முழிக்கு முன்னால் சம்பளம். இந்தப் புத்தி தனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி கிடையாது. யூனிபாரம் போட்ட பிறகு வந்தது. கல்யாண வீடு, துக்க வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் கேட்கிறான்கள். 'ஃபயர் சர்வீஸா? என்ன சம்பளம்?' சொன்னால், 'அவ்வளவுதானா?' என்பான். அடுத்தது குரலை இறக்கி, 'மேற்கொண்டு எவ்வளவு வரும்?' எரிகிற வீட்டுக்குள் போகிறவனிடம் மேற்கொண்டு எவ்வளவு வரும் என்று கேட்கிற ஜென்மங்கள். ஊருக்கே நிலைய அலுவலர். எழுபத்தொன்பதாயிரம். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு அறுபத்தெட்டு. முப்பதால் வகுத்தால் நாளைக்கு இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தாறு சொச்சம். அதற்குள் இடர்ப்படி என்று ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு மாதம் எண்ணூறு ரூபாய் தருகிறது. நாளைக்கு இருபத்தாறு ரூபாய் அறுபத்தாறு காசு. ஒரு டீ, ஒரு உளுந்த வடை. சட்னி இலவசம். உயிர்.

"ஏங்க, இங்க பாருங்களேன்." செல்வராணி அங்கிருந்து ஒரு முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டினாள். மாம்பழக் கலர். அவன் தலையை ஆட்டினான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாலாயிரம் என்று பேச்சு. அவள் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. தங்கைக்கு ஒரு பட்டு எடுத்து வைத்தாக வேண்டும். தங்கை புருஷன் குணசீலன். பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன். மூன்று ஜே.சி.பி. வைத்திருக்கிறான். ஆற்றைத் தோண்டினானோ குளத்தைத் தோண்டினானோ, எங்கேயோ தோண்டியது மூன்று மாடியாக எழும்பி நிற்கிறது, உள்ளே லிஃப்ட்டோடு. போன வாரம் பத்திரிகை வைக்க வந்தவன் ஹாலில் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்து, "சகலை, இந்த ஒழுகல இன்னும் பாக்கலையா?" என்றான். ஒழுகுவது வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய வீடு. இன்னும் பதினோரு வருஷம் மாதாமாதம் இருபத்து மூவாயிரம் கட்டியாக வேண்டும். பெரியவள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், சின்னவனுக்குப் பல்லுக்குக் கம்பி. அந்தக் கம்பிக்கே முப்பத்தெட்டாயிரம். வாயில் கம்பியோடு சிரித்துக்கொண்டு அலைகிறது. குணசீலனுக்கு இதையெல்லாம் சொல்லவா முடியும்? "பாக்கணும்" என்றான் பரஞ்சோதி. பாக்கணுமாம். அன்றைக்கு ராத்திரி வரை அந்தச் சொல் நாக்கில் கசந்தது. இப்போது அந்தக் குணசீலன் வீட்டுக்கே நாலாயிரத்துக்குப் பட்டு. ஆனால் செல்வராணி தோளில் கிடக்கிறது நாலாயிரம் இல்லை. அவனுக்குத் தெரியும். கடைக்குள் நுழையும்போதே மேனேஜர் சுந்தரலிங்கம் பார்த்துவிட்டான். பார்த்ததும் பல்லெல்லாம் வெளியே. "சார்! மேடத்தையும் கூட்டிட்டு வந்திருக்கிய. ஒரு போன் பண்ணிருந்தா காரே அனுப்பிருப்பேனே." அந்த 'சார்' ஒரு மாதிரி. முதுகைத் தடவிக்கொண்டே பை எங்கே இருக்கிறது என்று தேடுகிற 'சார்'. பிறகு சேலை காட்டுகிற பெண்ணுக்குக் கண்ணால் ஒரு ஜாடை. கீழ்த்தட்டு மூடிக்கொண்டது, மேல்தட்டு திறந்துகொண்டது. செல்வராணிக்கும் அந்த ஜாடை தெரிந்திருக்கும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். இருபது வருஷத்தில் ஒரு கடையில் ஒருத்தன் அவளை மேடம் என்று கூப்பிட்டு நாற்காலி இழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. அதை எப்படிக் கெடுப்பது? கெடுக்காமல் எப்படி இருப்பது?

இந்தக் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கத் தடையில்லாச் சான்று எழுதியவன் அவன்தான். இரண்டு மாசம் இருக்கும். சித்திரை வெயில் ஆனியிலும் விடாமல் அடித்த நாள். நாலு மாடியும் ஏறி இறங்கினான். தீயணைப்பு சிலிண்டர் எத்தனை, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு, மின்சாரப் பெட்டி எங்கே, அவசர வழி எது. எல்லாம் சரியாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, வழியில் ஒரு துரும்பு கிடையாது, தரை பினாயில் வாசம் அடித்தது. பத்து பைசா வாங்கவில்லை. முதலாளி கொடுத்த இளநீரை மட்டும் குடித்தான். இளநீர் லஞ்சத்தில் சேராது. சேருமா? சேராது. அவன் யாரிடமும் வாங்கியதில்லை, அதில் அவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. வாங்குகிறவன்களைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றும். ஆனால் அந்த மிதப்புக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது என்றும் அவனுக்குத் தெரியும். பயம். மாட்டிக்கொண்டால் பேப்பரில் போட்டோ வரும், பெரியவள் ஹாஸ்டலில் நாலு பேர் பார்ப்பார்கள் என்கிற பயம். பயத்தைக் கஞ்சி போட்டு மடித்து நேர்மை என்று பீரோவில் வைத்திருக்கிற ஆள். சே. இந்த ஏ.சி. வேறு. புதுத்துணி வாசம், பன்னீர் வாசம், நூறு பேர் வேர்வை. ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முகூர்த்தம், இந்த ஒரு மாடியிலேயே இருநூறு பேருக்குக் குறையாது. பழக்கம் விடாமல் தலை எண்ணுகிறது. பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம். பாலியஸ்டர் எரியாது, உருகும். உருகிச் சொட்டும். சொட்டு கையில் பட்டால் தோலோடுதான் வரும். லாட்ஜ் தீயில் பார்த்தது அது. அதை நினைக்கக் கூடாது.

மூத்திரம் போக வேண்டும் என்று எழுந்தான். உண்மையில் அதற்காகத்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் தானாகப் பின்பக்கம் போயிற்று. சட்டைத் துணிப் பிரிவு தாண்டி, அளவெடுக்கிற அறை தாண்டி, பச்சை எழுத்தில் அவசர வழி என்று எரிகிற போர்டுக்குக் கீழே கதவு தெரியவில்லை. அட்டைப்பெட்டிகள்தான் தெரிந்தன. ஆள் உயரத்துக்கு, மூன்று வரிசை. சேலை வந்து இறங்கிய பெட்டிகள். பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து. அங்கே கடைச் சீருடையில் ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், நின்றபடியே டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் மூடியைப் பட்டென்று மூடினாள். "பாத்ரூம் அந்தப் பக்கம் சார்." அவன், "சாப்பிடும்மா. உன் பேரென்ன?" என்றான். "இசக்கியம்மாள்." "இந்தக் கதவு எப்ப அடைச்சது?" அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதே இல்லை என்கிற மாதிரி. "இதா? நான் வேலைக்கு வந்து ஆறு வருசமாச்சு சார். தொறந்து பாத்ததே இல்ல. அவருக்குத் தெரியாம நாங்க சேலய இது வழியாக் கடத்திருவோமாம், முதலாளி சொல்லுவாரு." சொல்லிவிட்டு வெட்கமாகச் சிரித்தாள், திருட்டுப் பட்டம் யாரோ வேறொருத்திக்குக் கொடுத்தது போல. அவன் சந்துக்குள் உடம்பை நுழைத்துப் போய்ப் பார்த்தான். நாதாங்கியில் ஒரு பூட்டு, உள்ளங்கை அகலம். தொட்டான். விரலில் செம்மண் மாதிரி ஒட்டிக்கொண்டது. துரு. இரண்டு மாசத்துத் துரு இல்லை, வருஷக்கணக்கான துரு.

அப்படியென்றால் அன்றைக்கும் இது பூட்டித்தான் இருந்தது. பெட்டிகளைத்தான் எடுத்திருந்தார்கள். சரி, இருக்கட்டும், ஏமாற்றிவிட்டான்கள், ஏமாற்றுவதுதானே இவன்கள் தொழில், என்று முதலில் கோபம் அந்தப் பக்கம் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் திரும்பி வந்தது. நீ தள்ளிப் பார்த்தாயா? அன்றைக்கு இங்கே வந்தாய். போர்டைப் பார்த்தாய். தரையைப் பார்த்தாய். கதவைத் தள்ளிப் பார்த்தாயா? பார்த்திருப்பேன். பார்க்காமல் இருப்பேனா? எத்தனை கட்டடம், எத்தனை கதவு, கை தானாகப் போகுமே. போயிற்றா? அந்தப் பூட்டு, உள்ளங்கை அகலப் பூட்டு, கண்ணில் படாமல் எப்படிப் போயிற்று? அதற்கு மேல் ஒரு திரை தொங்கிற்று. ஆமாம், மெரூன் திரை, சரிகை வைத்தது, ஜவுளிக்கடைதானே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திரையை விலக்கினாயா? கீழேயிருந்து சுந்தரலிங்கம் கூப்பிட்டான், 'சார், இளநி வெட்டி வச்சிருக்கு, சூடாயிரும்.' தொண்டை வறண்டிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே குறிப்பேட்டில் ஒரு டிக் போட்டான். அந்த டிக்கின் வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போனதுகூடக் கண்ணில் நிற்கிறது. திரை விலகியது மட்டும் கண்ணில் இல்லை. ஏனென்றால் விலக்கவில்லை. ஒரு இளநீர். முப்பத்தைந்து ரூபாய். வாங்குகிறவன்களாவது விலை பேசி வாங்குகிறான்கள். லாட்ஜில் மூன்று பேர் பின்கதவுக்குப் பின்னால் கிடந்தார்கள். ஒருத்தன் கை மேலே நாதாங்கி வரை போயிருந்தது, நகம் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கோடாலியோடு நின்றவன் பரஞ்சோதி. அப்போது சாதாரண தீயணைப்பாளன், சம்பளம் பதினாலாயிரம். அந்த லாட்ஜுக்குச் சான்று கொடுத்தது எந்தப் பரதேசி என்று இரண்டு வருஷம் திட்டிக்கொண்டு திரிந்தான். அந்தப் பரதேசிக்கும் தொண்டை வறண்டிருக்குமோ?

"சார், என்ன இந்தப் பக்கம்?" சுந்தரலிங்கம் மூச்சு வாங்க வந்து நின்றான். இசக்கியம்மாள் டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சாவி" என்றான் பரஞ்சோதி. "சீசன் நேரம் சார், லோடு வந்து குவிஞ்சு போச்சு. நாளைக்கே கிளீன் பண்ணிருதேன்." "சாவி." "அது முதலாளி வீட்ல இருக்கும். அவரு திருச்செந்தூர் போயிருக்காரு." சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தான். வாயில் ஏலக்காய் வாசம். குரல் இறங்கியது, எல்லோருக்கும் இறங்குகிற அதே இடத்துக்கு. "சார், மேடம் ஒரு சேலை எடுத்திருக்காங்க. பதிமூவாயிரத்து அறுநூறு. பில்லு போட வேண்டாம்னு சொல்லிட்டேன். நம்ம கடை சார்." பரஞ்சோதி அவனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது, கேட்டதும் கோபம் வரவில்லை, கணக்கு வந்தது. பதிமூவாயிரத்து அறுநூறை நாள் சம்பளத்தால் வகுத்தால் சரியாக ஆறு நாள். ஆறு நாள் சம்பளம். மீதிகூட இல்லாமல் வகுபடுகிறது, என்ன ஒரு பொருத்தம். குணசீலன் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். செல்வராணி லேசாக முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குத் தரலாம். பெட்டிகளை இன்றைக்கே எடுத்துவிடுவார்கள். பூட்டையும் கழற்றச் சொல்லிவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் அந்த லாட்ஜுக்கும் எழுதியிருப்பான். "சுத்தியல் இருக்கா?" என்றான். "சார்?" "ஆணி அடிக்கிற சுத்தியல்யா. இல்லேன்னா வண்டிய வரச் சொல்லுதேன், சைரன் போட்டுக்கிட்டு வருவானுவ, உன் வாசல்ல நிப்பாட்டி கோடாலிய எடுத்துட்டு மேல வருவானுவ. ஞாயித்துக்கிழமை வியாபாரம் நல்லாருக்கும்."

சுத்தியலைக் கொண்டுவந்தது இசக்கியம்மாள். பெட்டிகளை நகர்த்தவும் அவள்தான் முதலில் கை வைத்தாள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். நாலாவது அடியில் நாதாங்கி பிய்ந்தது. கதவு ஒரு சாண் திறந்து எதிலோ முட்டி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். இருட்டு, எலிப்புழுக்கை நாற்றம். செல்போன் வெளிச்சத்தை அடித்ததும் அவன் ஒரு அடி பின்வாங்கினான். படி முழுக்க ஆட்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர், அம்மணமாக, கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், கடைசிப் படி வரை. பொம்மைகள். சேலை கட்டி வாசலில் நிறுத்துகிற பிளாஸ்டிக் பொம்மைகள், உடைந்தது, பழசானது, பெயின்ட் உரிந்தது எல்லாவற்றையும் வருஷக்கணக்காகக் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள். பின்னால் நின்ற ஒரு பெண் 'அம்மா' என்று கத்திவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. இசக்கியம்மாள் மெதுவாக, "இவ்வளவு நாளா தீ கீ பிடிச்சா பூட்ட ஒடச்சாவது இது வழியா இறங்கிரலாம்னுதான சார் நெனச்சுட்டிருந்தேன்" என்றாள். அவனிடம் இல்லை, அந்தப் படிகளிடம் சொல்கிற மாதிரி. பரஞ்சோதி ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். எடுத்தது முன்னணி தீயணைப்பாளர் ஏசுவடியான். "நோட்டீஸ் புத்தகத்த எடுத்துட்டு ஜவுளிக்கடைக்கு வா. அப்படியே இந்தக் கடைக்கு நான் எழுதின ஆய்வறிக்கை, ஃபைல்ல நகல் இருக்கும், அதையும் எடுத்துக்க." "சார், அதுல உங்க கையெழுத்துல்லா இருக்கு." "எனக்குத் தெரியாதா? அது தப்புன்னு மாவட்ட அலுவலருக்கு எழுதணும்." "வேண்டாம் சார். புதுசா வச்ச பூட்டுன்னு எழுதிருவோம். யாரு வந்து பாக்கப் போறா?" நல்ல மனுஷன் ஏசுவடியான். அக்கறையில்தான் சொல்கிறான். அவன் சொன்னதை அவனுக்கு முந்தியே பரஞ்சோதி யோசித்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரியாது. "வாய்யா" என்று போனை வைத்தான். தான் பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு பெருமிதம் நெஞ்சில் கிளம்பப் பார்த்தது. அதையும் அவனால் சகிக்க முடியவில்லை. இரண்டு மாசம் இருநூறு பேர் இந்தக் கூண்டுக்குள் சேலை பார்த்தார்கள். இப்போது பெருமிதம் ஒரு கேடு.

பட்டுப் பிரிவுக்குத் திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் எல்லோரும் மெதுவாகக் கீழே இறங்கும்படி சுந்தரலிங்கமே சொல்லிக்கொண்டிருந்தான், அழுகிற குரலில். சோபாவில் மீன் பார்த்தவன் எழுந்து யாரையோ தேடினான். செல்வராணி மாம்பழப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டை முழுக்க இருந்த துருவையும் ஒட்டடையையும் பார்த்தாள். "என்னாச்சுங்க?" அவன் சொன்னான். திரையை விலக்காததையும் இளநீரையும், அதை மாவட்ட அலுவலருக்கு எழுதப் போவதையும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சரிகையைப் பார்த்தே பேசினான். "எழுதித்தான் ஆகணுமா?" என்றாள். "எழுதினா என்ன செய்வாங்க?" "மெமோ குடுப்பாங்க. இன்க்ரிமெண்ட்ட நிப்பாட்டுவாங்க. புரமோஷன் லிஸ்டுல பேரு வராது." "எவ்வளவு குறையும்?" அவளும் அங்கேதான் வந்து நிற்கிறாள். அதில் அவனுக்குக் கோபம் வரவில்லை, யாரிடமிருந்து கற்றாள் என்று தெரியும். "மாசம் ரெண்டாயிரத்து முந்நூறு. மூணு வருசத்துக்கு." அவள் உதடு அசைந்தது. பெருக்கிப் பார்க்கிறாள். எண்பத்து இரண்டாயிரத்து எண்ணூறு என்று அவன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளாக முடிக்கட்டும் என்று நின்றான். அவள் முடித்தாள். "சின்னவன் பல்லு ரெண்டு தடவ கட்டலாம்" என்றாள். பிறகு மடியில் இருந்ததை நிதானமாக, மடிப்புக் கலையாமல் மடித்தாள். கடைக்காரப் பெண்களைவிட நன்றாக மடித்தாள். எழுந்து, ஆட்கள் இறங்குகிற நெரிசலில் பில் போடுகிற மேஜைக்கே போய் அதை வைத்தாள். "இது வேண்டாம்" என்றாள் அங்கே நின்ற பையனிடம், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. பரஞ்சோதி அவள் பின்னாலேயே போனான். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவள் நின்று திரும்பி, "அந்தக் குணசீலன் வீட்டுக்கு லிஃப்ட் வச்சிருக்கானே," என்றாள், "படி வச்சிருக்கானா, இல்லையா?" அவன் யோசித்தான். "இருக்கு. ஆனா அடியில இரும்பு கேட் போட்டுப் பூட்டிருக்கான்." "விசேஷத்தன்னிக்கு நீங்கதான் அவன்கிட்டச் சொல்லணும்" என்றாள் செல்வராணி. "எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."